வெறும் முழிப்பு

எங்கள் மீன்குஞ்சுப் பண்ணைக்குப் புதிதாக யார் வந்தாலும் முதலில் வாங்கிக் கட்டிக்கொள்வது துண்டக்காவிடம்தான். பெயரெல்லாம் கேட்கமாட்டார். "கையைக் காட்டுங்க" என்பார். கையில் ஈரம் இருந்தால் தொலைந்தது. தோளில் கிடக்கும் துண்டை இழுத்து, விரல் விரலாகத் துடைத்து, கூடவே இரண்டு திட்டும் கொடுத்துத்தான் உள்ளே விடுவார். ஒருமுறை ஆய்வுக்கு வந்த பெரிய அதிகாரிக்கும் இதே மரியாதை நடந்தது. பாவம், அவர் கைகுலுக்கத்தான் கையை நீட்டினார்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் தொட்டியும் குழாயும் சொட்டுகிற இடம் அது. அங்கே ஒருவர் ஈரத்தைக் கண்டால் எரிந்து விழுகிறார் என்றால் வெளியாட்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். சிரிக்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதுண்டு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், மேனேஜரே ஒப்புக்கொள்வார்.

விஷயம் இதுதான். சினை மீனுக்கு முதல்நாள் மாலை ஊசி போட்டு வைப்போம். மறுநாள் முட்டை பழுத்துவிடும். மீனை எடுத்து, ஈரம் போகத் துடைத்து, துணியில் சுற்றி, வயிற்றை மெல்ல அமுக்கினால் முட்டை காய்ந்த கிண்ணத்தில் வழியும். அதன்மேல் ஆண்மீனின் பாலை விடவேண்டும். விந்தைத்தான் நாங்கள் பால் என்போம். ஓர் இறகால் மெதுவாகக் கலக்கியபிறகுதான் தண்ணீர். இந்த வரிசை மாறினால் போச்சு. மீன் முட்டைக்குத் தண்ணீர் பட்டால் போதும், முழித்துக்கொள்ளும். முழித்த முட்டை உப்பத் தொடங்கும், பால் உள்ளே போக அதில் இருக்கிற ஒரே துளையும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடைத்துப்போகும். அப்புறம் பாலை வாளியில் கொண்டுவந்து கொட்டினாலும் ஒன்றும் ஆகாது.

பாலும் சேர்ந்து முழித்தால் அதற்கு முழிப்பு என்று பெயர். பால் சேராமல், ஈரக் கையோ வியர்வைச் சொட்டோ பட்டு, தன்பாட்டுக்கு முழித்தால் வெறும் முழிப்பு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அதுதான் கொடுமை. வெறும் முழிப்பும் உருண்டு திரண்டு, கண்ணாடிபோலத் தெளிந்து, ஆசைகாட்டிக்கொண்டு கிடக்கும். பொழுது சாய்வதற்குள் ஒவ்வொன்றாக வெளுக்கும். நாங்கள் இந்தச் சொல்லை மனிதர்களுக்கும் தாராளமாகப் பயன்படுத்துவோம். மேனேஜர் ஒவ்வொரு வருஷமும் கூட்டம் போட்டு, புதுத் தொட்டி கட்டப்போகிறோம் என்று அறிவிப்பாரே, அது சுத்தமான வெறும் முழிப்பு.

துண்டக்கா முட்டை எடுக்கிறவர். நான் பால் விடுகிறவன். மேசைக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் நான், நடுவில் கிண்ணம். என் தலை நரைத்தும் அவருக்கு நான் தம்பிதான். தண்ணீர்க் குவளை என் பக்கத்தில், அவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கவேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். அவர் "ஊத்து" என்று சொன்னபிறகுதான் நான் அதைத் தொடுவேன். யாராவது கிண்ணத்துக்கு மேலே தலையை நீட்டினால் வியர்வை விழும் என்று தோளிலேயே ஓர் அடி வைப்பார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. முட்டை வழிய ஆரம்பித்ததும் உதடு அசையும். "முழிக்காதே கண்ணு, முழிக்காதே. இப்ப முழிக்காதே." நான் பாலை விடும்வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார். பிள்ளையைத் தூங்கவைக்கிற குரல். இங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அப்படித்தானாம்.

அவர் புருஷன் இதே பண்ணையில் வலை இழுத்தவர். நெஞ்சுச் சளி முற்றிப் போய்ச் சேர்ந்தார். அப்போது அவர்கள் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். குட்டி என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். தீவன மூட்டைமேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி, அங்கேயே சுருண்டு தூங்கி வளர்ந்த பெண். இப்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறாள். மாப்பிள்ளை சரக்கு வண்டி ஓட்டுகிறார். தங்கமான மனுஷன். யாரையாவது திட்டி மனதை ஆற்றிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் குட்டிக்குப் பிள்ளை இல்லை. கடைசியில் கருத்தரிப்பு மருத்துவமனைக்குப் போனார்கள். முட்டையை வெளியே எடுத்து, கண்ணாடித் தட்டில் வைத்து, புருஷனுடைய விந்தைச் சேர்த்து, கருவான பிறகு உள்ளே வைப்பார்களாம். இதைக் கேட்டதும் அக்காவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே.

"அட, நம்ம வேலைதானே தம்பி! இது தெரியாதா எனக்கு?" என்றார்.

தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று. முட்டை எடுக்கிற அன்றைக்குப் பண்ணை வண்டியில் நான்தான் அவர்களைக் கொண்டுபோய் விட்டேன். அக்கா முதல் காரியமாகக் குட்டியைக் குளிக்கவிடவில்லை. வண்டியிலேயே அவள் கழுத்து, நெற்றி, கை எல்லாவற்றையும் துண்டால் ஒற்றி ஒற்றி எடுத்தார். வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த பணிப்பெண்ணிடம், "இன்னிக்குப் பாத்துதானா தரையை நனைக்கணும்?" என்று சண்டைக்குப் போனார். கடைசியில், உள்ளே போகவிருந்த டாக்டரையே நிறுத்திவிட்டார்.

"கையை நல்லாத் துடைச்சீங்களா சார்? ஒரு சொட்டு இருந்தாலும் முழிச்சிடும்."

நான் எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். டாக்டர் நல்லவர். கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போனார்.

அந்தத் தடவை எதுவும் கருவாகவில்லை. அடுத்த தடவை மெல்லிய ஊசியால் விந்தை ஒவ்வொரு முட்டைக்குள்ளும் செலுத்தியே வைத்தார்கள். அப்போதும் இல்லை. டாக்டர் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் ஒரு நீளமான ஆங்கிலச் சொல்லும், கீழே தமிழில் 'கருமுட்டைக் கிளர்வு இன்மை' என்றும் இருந்தது. அந்தச் சொல்லை அதற்கு முன்போ பின்போ நான் வேறெங்கும் கண்டதில்லை. குட்டி அதைத் திருப்பித் திருப்பிப் படித்தாள்.

"இதுக்கு என்ன அர்த்தம் சார்?"

டாக்டர் அக்காவைப் பார்த்தார். "உங்க அம்மாவுக்குப் புரியும். விந்து உள்ள போயிடுச்சு. போன உடனே முட்டை எழுந்து வேலையை ஆரம்பிக்கணும். ஆரம்பிக்கல. அம்மா, உங்க மீன் முட்டை தண்ணி பட்டாலே முழிச்சிடும்னு பயப்படறீங்க. உங்க பொண்ணோடது என்ன பண்ணினாலும் முழிக்க மாட்டேங்குது."

அக்காவுக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது. எங்களுக்கு அதைப் புரியவைக்க இன்னொரு வார்த்தை தேவைப்படவில்லை. அதனால்தான் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். மற்ற அம்மாக்கள் என்றால், என்னவோ இங்கிலீஷில் சொன்னார்கள், சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இன்னும் ஒரே வழி இருக்கிறது என்றார் டாக்டர். ஊசியால் விந்தைச் செலுத்தியபிறகு, முட்டையைத் தட்டி எழுப்புகிற ஒரு மருந்தில் கொஞ்ச நேரம் வைப்பார்களாம். சிலருக்குப் பலிக்கும். அதிலும் முழிக்கவில்லை என்றால் அதற்கப்புறம் முயற்சி செய்யத் தன்னாலேயே முடியாது, குட்டியின் உடம்பும் தாங்காது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். குட்டி சரி என்றாள். ஏற்கெனவே வயிறெல்லாம் ஊசித் தழும்பு. ஆள் பாதியாகியிருந்தாள்.

வெளியே வரும்போது, விவரம் சொல்வதற்கென்றே அங்கே இருந்த ஒரு பெண் எங்களை உட்காரவைத்து ஒரு படத்தைக் காட்டினாள். பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள். ஒரு பெண்ணுக்கு வாழ்நாளெல்லாம் உள்ள முட்டைகள், அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுமாம். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். அவள் வாயில் மண்ணள்ளிப் போடவேண்டும்போல எனக்குப் பிற்பாடு தோன்றியது.

மறுநாளிலிருந்து கிண்ணத்துக்கு மேலே அக்காவின் உதடு அசையவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு முட்டை எடுத்தார். எனக்கு வேலையே ஓடவில்லை. இத்தனை வருஷம் கேட்ட குரல் இல்லாமல் பாலை எப்போது விடுவது என்றுகூடக் கை தடுமாறியது.

"என்னக்கா, பேச்சையே காணோம்?"

மீனைத் தொட்டியில் விட்டுவிட்டு வந்து சொன்னார். "குட்டி வயித்துல இருந்தப்ப நான் இங்கதான் தம்பி நின்னேன். பிரசவத்துக்கு முந்தின நாள்வரைக்கும் நின்னேன். கிண்ணம் என் வயித்தைத் தொட்டுக்கிட்டு இருக்கும். அவ முட்டையெல்லாம் அப்ப அவளுக்குள்ள இருந்திருக்கு. நான் நாள் முழுக்க என்ன சொல்லிட்டு இருந்தேன்? முழிக்காதே, முழிக்காதேன்னு சொன்னேன். நல்லாக் கேட்டுக்கிச்சுங்க."

"அக்கா, லூசு மாதிரி பேசாதீங்க. மீனுக்கே காது கேக்காது, முட்டைக்கா கேக்கும்?"

"நீ பெத்தியா, பேசறதுக்கு?" என்றார். அதற்குமேல் நான் என்னத்தைச் சொல்வது? படிப்பும் அறிவும் இடம்கொடுக்காத ஒரு பழியை ஒரு தாய் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டால் யார் வந்தும் இறக்கமுடியாது.

மருந்து வைத்துச் செய்த அந்தக் கடைசி முயற்சியின் முடிவை ஒரு காலையில் குட்டிக்கு போனில் சொல்வதாக இருந்தது. அக்கா அன்று லீவு கேட்டிருந்தார். ஆனால் முதல்நாள் ஊசி போட்டிருந்த தாய்மீன் சொன்ன நேரத்தில் பழுத்துவிட்டது. அந்தப் பருவத்தில் எங்களுக்கு வாய்த்த ஒரே நல்ல மீன் அது. பழுத்த மீன் யாருக்காகவும் காத்திருக்காது. மேனேஜர் கெஞ்சாத குறையாகக் கூப்பிட, அக்கா வந்தார். போனை என்னிடம் கொடுத்தார். "என் கை மீன்ல இருக்கும். நீயே எடுத்துப் பேசு."

முட்டை பாதி வழிந்திருக்கும்போது போன் அடித்தது. ஒரு கையில் ஆண்மீன் பால் நிரப்பிய குழாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுத்தேன்.

"மாமா." குட்டியின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஒண்ணுகூட முழிக்கல மாமா. அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. என்னால முடியல." வைத்துவிட்டாள்.

கிண்ணம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்து, "அப்புறம் கூப்பிடறாளாம்க்கா" என்றேன்.

அக்கா நிமிர்ந்தார். "உன் மூஞ்சியைத் தினம் பாக்கறவ நான். சொல்லு."

"ஒண்ணும் ஆகலக்கா."

அவர் அழவில்லை. மீனின் வயிற்றைக் கடைசி முட்டைவரைக்கும் பதமாக அமுக்கி எடுத்தார். உதவிக்கு வாலைப் பிடித்துக்கொண்டிருந்த ஆளிடம் மீனைக் கொடுத்தார். துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார், விரல் விரலாக. பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். குவளைக்குப் பக்கத்தில் வந்து நின்றபோதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அக்கா போய்த் தண்ணீரை ஊற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? சூரியன் மேற்கே உதித்தது என்றாலும் நம்பியிருப்பேன்.

குவளையை எடுத்து அப்படியே கிண்ணத்தில் கவிழ்த்தார்.

"அக்கா!" என்று கத்தினேன். பால் குழாய் என் கையில் இருந்தது. உடனே விட்டிருந்தால் கொஞ்சமாவது தேறியிருக்கும். பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். அந்தப் பெரிய கிண்ணத்தில் முட்டைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, உப்பி, தெளிந்து, எல்லாம் ஒன்றாக முழித்துக்கொண்டிருந்தன. அத்தனை அழகு. நான் பாலைப் பீய்ச்சியபோது எல்லாத் துளையும் அடைத்துப் போயிருக்கும்.

"பாரு தம்பி" என்றார் அக்கா. "வெறும் பச்சைத் தண்ணி. எப்படி முழிக்குதுங்க பாரு. சும்மா தொட்டாலே முழிக்குதுங்க. என் பிள்ளைக்கு ஊசி போட்டாங்க, மருந்து போட்டாங்க, மிஷின் வச்சாங்க. ஒண்ணே ஒண்ணு. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதானே?"

கிண்ணத்துக்கு நேர் மேலே தலையைக் குனிந்துகொண்டு கதறினார். கண்ணீரெல்லாம் முட்டைமேல் விழுந்தது. யாரும் அவர் தோளில் அடிக்கவில்லை.

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடிவந்தார். "கை தவறித் தட்டிட்டேன் சார்" என்று நான் முந்திக்கொண்டேன். அக்கா விடவில்லை. "அவன் பொய் சொல்றான். நான்தான் ஊத்தினேன்." மேனேஜர் கிண்ணத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். கத்தத்தான் வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "நாளையிலேருந்து நீங்க கிண்ணத்துப் பக்கம் வரவேண்டாம். வலை கழுவற இடத்துக்குப் போங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

முட்டையைக் கொட்டுவதற்கு எடுத்தபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கொட்டாதே. முழிச்சிருக்குதுங்க."

கொட்டவில்லை. ஓடுகிற தண்ணீரில் ஒரு தட்டில் பரப்பி வைத்தேன். அதன் பக்கத்தில் தரையிலேயே அவர் உட்கார்ந்துகொண்டார்.

மதியம் குட்டி வந்தாள். வேலைக்குப் போகவில்லை, சாப்பிடவில்லை, பல நாளாகத் தூங்கவும் இல்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. அம்மாவைப் பார்த்து அழுவாள் என்று நினைத்தேன். அவள் தட்டைப் பார்த்தாள்.

"அழகா இருக்கேம்மா. எப்பப் பொரிக்கும்?"

"பொரிக்காது. வெறும் முழிப்பு."

இந்தத் தீவன மூட்டைமேல் வளர்ந்தவளுக்கு அதற்கு அர்த்தம் சொல்லவேண்டியதில்லை. குந்தி உட்கார்ந்து ஒரு முட்டையை விரல் நுனியால் தொட்டாள். "எவ்வளவு நேரம் இருக்கும்?"

"சாயங்காலம்வரைக்கும்."

"எனக்கு அந்தச் சாயங்காலம்கூட இல்லையேம்மா" என்றாள் குட்டி.

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். தொட்டிக் குழாயைத் திறந்து மூடி, வேலை செய்வதுபோல் பாவனை செய்தேன். பின்னால் அக்கா பேசத்தொடங்கியது காதில் விழுந்தது. வயிற்றில் இருந்ததை, கிண்ணம் வயிற்றில் இடித்ததை, முழிக்காதே முழிக்காதே என்று சொன்னதை, எல்லாவற்றையும் கொட்டினார். "நான்தான் கண்ணு உன் குடியைக் கெடுத்தேன். என் வாய்தான்."

குட்டிக்குக் கோபம் வந்தது. காலையிலிருந்து செத்துக் கிடந்த முகத்தில் வந்த முதல் உயிர் அதுதான். "உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? அத்தனை முட்டையும் உன் பேச்சைக் கேட்டுச்சுன்னா நான் எப்படிக் கேக்காமப் போனேன்? நானும் அங்கதானே இருந்தேன்? நான் முழிச்சு, பொறந்து, உன்கிட்ட அடி வாங்கி வளரலையா? அதை ஏன் கணக்குல எடுத்துக்க மாட்டேங்கற?"

சொன்னதனால் எதுவும் மாறிவிடவில்லை என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது. கோபத்தில் மூச்சு வாங்கியது அழுகையானது. அழுகை கொஞ்சம் கொஞ்சமாக விசும்பலானது. அப்படியே அம்மாவின் மடியில் சரிந்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது தூங்கிப் போயிருந்தாள், சின்ன வயதில் மூட்டைமேல் சுருண்டு கிடப்பாளே, அதே மாதிரி.

சாயங்காலம் வேலையாட்கள் மாறும் நேரம் வந்தது. வெளியே யாரோ இரும்புக் கதவைப் படாரென்று சாத்தினார்கள். குட்டியின் இமை துடித்தது. அக்கா சட்டென்று தோளிலிருந்த துண்டை இழுத்து அவள் காதை மூடினார். அவள் முகத்துக்கு மேலே குனிந்தார். எத்தனையோ நாளாக மூடியே கிடந்த உதடு அசைந்தது.

"முழிக்காதே கண்ணு" என்றார். "இப்ப முழிக்காதே. கொஞ்ச நேரம் இப்படியே இரு."

பக்கத்துத் தட்டில் முட்டைகள் ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்கியிருந்தன. அவள் எழுவதற்குள் அதை எடுத்துக்கொண்டு போய்விடும்படி அக்கா எனக்குக் கண்ணால் காட்டினார்.